கூட்டம்தான் சரக்கு

ஆன்லைன் ஃபேன்டஸி கேம்களின் அறிமுக விழாக்கள் எதை விற்கின்றன?

2021 பிப்ரவரியில் தென்கொரியாவின் என்சி சாஃப்ட் நிறுவனம் தன் அடுத்த ஆன்லைன் ஃபேன்டஸி கேமான ‘பிளேட் அண்ட் சோல் 2’க்கு அறிமுக விழா எடுத்தது. கொரோனா காலம் என்பதால் அரங்கில் ரசிகர்கள் இல்லை. எல்லாம் இணைய ஒளிபரப்பு. நிறுவனத்தைத் தொடங்கிய கிம் டேக்ஜின் தானே மேடைக்கு வந்து பேசினார். வாள்வீரர்கள் காற்றில் மிதந்து பாயும் காட்சிகள் ஓடின. முன்பதிவும் அப்போதே தொடங்கிவிட்டது. ஆகஸ்ட் 26 அன்று கேம் வெளிவந்தபோது முன்பதிவு எண்ணிக்கை 74.6 லட்சம். ஐந்து கோடிப் பேர் வாழும் நாட்டில் இது ஏழில் ஒரு பங்கு. ஒரே ஆள் பல வழிகளில் பதிந்திருப்பார் என்று தாராளமாகக் கழித்தாலும் மிச்சமிருப்பது பிரமாண்டமான கூட்டம்தான். ஆனால் வெளியான அன்றே பங்குச் சந்தையில் என்சி சாஃப்ட் பங்கின் விலை 15 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. மறுநாள் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

எழுபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்த ஒரு பண்டம் கடைக்கு வந்த அன்றே எப்படி விலை இறங்கும்? எதிர்பார்ப்பு உச்சத்தில் இருக்கும்போது பங்கை விற்றுவிடுவது சந்தையின் வழக்கம் என்பார்கள். அது உண்மை. ஆனால் பாதி உண்மை. அந்த விழாவை கேமின் அறிமுகம் என்று எடுத்துக்கொண்டால்தான் இந்தச் சரிவு புதிராகத் தெரியும். ஆன்லைன் உலகங்களின் அறிமுக விழாவுக்கு உள்ள வேலை கூட்டம் சேர்ப்பது. சேர்ந்த அந்தக் கூட்டமே பிறகு விற்கப்படும் சரக்கு. இருபத்தைந்து ஆண்டுக்கும் மேலான இந்தத் தொழிலின் வரலாற்றை இந்தக் கண்ணோடு படித்தால், தொழில்நுட்பக் கோளாறு என்றும் ரசிகர்களின் கோபம் என்றும் தனித்தனியே எழுதப்பட்ட பல சம்பவங்கள் ஒரே கணக்கின் வரிகளாகத் தெரிகின்றன.

முதலில், மேடையில் எதைக் காட்டுகிறார்கள்? நவம்பர்தோறும் கொரியாவின் பூசான் நகரில் நடக்கும் ஜி-ஸ்டார் கண்காட்சியானாலும், அமெரிக்காவின் அனஹைமில் 2005-ல் தொடங்கிய, பிளிஸார்டு நிறுவனத்தின் பிளிஸ்கான் ஆனாலும் நடைமுறை பெரிதாக மாறுவதில்லை. விளக்குகள் அணைகின்றன. ட்ரெய்லர் ஓடுகிறது. அதில் வரும் டிராகனின் செதில்களையும் இளவரசியின் கண்ணீரையும் பெரும்பாலும் தனியொரு அனிமேஷன் குழு மாதக்கணக்கில் செதுக்கியிருக்கும். கேமுக்குள் அவை அதே தரத்தில் கிடைப்பது அபூர்வம். அடுத்து தயாரிப்பாளர் வருகிறார். எத்தனை இனங்கள், எத்தனை வகை வீரர்கள், வரைபடம் எவ்வளவு பெரியது என்று அடுக்குகிறார். தேதி சொல்கிறார். கைதட்டல். வெளியே வந்தால் டெமோ அரங்குகள். நெடுநேரம் வரிசையில் நின்றவருக்குச் சில நிமிடங்கள் கணினி கிடைக்கும். ஏற்கெனவே பலம் ஏற்றிவைத்த பாத்திரம், முன்கூட்டியே தேர்ந்தெடுத்த ஒரு பாஸ் அரக்கன், பக்கத்தில் உதவிக்கு ஊழியர். தோற்பது கடினம்.

இதில் மோசடி என்று எதுவும் இல்லை. ஆனால் ஓர் ஆன்லைன் உலகத்தை வாங்குபவர் வாங்குவது எதுவோ அது மட்டும் அங்கே இருக்காது. இரவு ஒன்பது மணிக்கு அந்த உலகத்தின் சந்தையில் ஆயிரம் பேர் கூடி நிற்கும்போது ஒரு வாளின் விலை என்ன? மூன்றாவது மாதத்தில் கில்டு என்ற வீரர் குழுவுக்குள் சண்டை வந்தால் யார் தீர்த்துவைப்பார்? நள்ளிரவில் ரெய்டு என்ற கூட்டுத் தாக்குதலுக்கு ஆள் பிடிக்க முடியுமா? தினம் இரண்டு மணி நேரம் விளையாடுபவரும் மாதம் ஐம்பதாயிரம் ரூபாய் செலவழிப்பவரும் ஒரே களத்தில் மோதும்போது என்ன ஆகும்? இவற்றுக்கான விடைகள் நிரலில் எழுதப்படவில்லை. வந்து சேரும் மனிதர்கள்தான் அவற்றை உண்டாக்குகிறார்கள். அவர்கள் வருவதற்கு முன்னால் நடக்கும் விழாவில் அதைக் காட்ட வழியே கிடையாது. கட்டடத்தைக் காட்டலாம், ஊரைக் காட்ட முடியாது.

நம் வாசகர்களில் பலருக்கு உடனே ஒரு மறுப்பு தோன்றும். சினிமாவின் இசை வெளியீட்டு விழாவும் இப்படித்தானே? நேரு ஸ்டேடியத்தில் நாயகன் பேசும்போது படத்தை யாரும் பார்த்திருப்பதில்லை. கூட்டம் சேர்ப்பதுதான் அங்கும் நோக்கம். இதில் ஆன்லைன் கேமுக்கு மட்டும் என்ன தனிக் குற்றம்? கேள்வி நியாயமானது. ஆனால் ஒரு வித்தியாசம் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. முதல் காட்சிக்கு ஆயிரம் பேர் வந்தாலும் பத்தே பேர் வந்தாலும் திரையில் ஓடுவது ஒரே படம். விசில் சத்தத்தில் சில வசனங்கள் காதில் விழாமல் போகலாம், கதை மாறாது. ஆளில்லாத அரங்கில் தனியாக உட்கார்ந்து நல்ல படத்தை ரசித்தவர்கள் நிறையப் பேர். ஆளில்லாத ஆன்லைன் உலகமோ பத்து பேர் சேர்ந்து வெல்ல வேண்டிய அரக்கனையும், நூறு பேர் முற்றுகையிட வேண்டிய கோட்டையையும், வாங்குவோர் இல்லாத சந்தையையும் வைத்துக்கொண்டு நிற்கும். சினிமா விழாவில் கூட்டம் வாடிக்கையாளர் மட்டும்தான். இங்கே கூட்டம் வாடிக்கையாளராகவும் இருக்கிறது, பண்டத்தின் மூலப்பொருளாகவும் இருக்கிறது. அறிமுக விழாவின் ஒவ்வொரு வினோதமும் இந்த இரட்டை வேடத்திலிருந்து பிறப்பதுதான்.

தொழிலின் ஆரம்பத்திலேயே இது வெளிப்பட்டுவிட்டது. ‘அல்டிமா ஆன்லைன்’ 1997 செப்டம்பரில் வெளிவந்தது. அதைச் செய்த ஒரிஜின் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் மேலிடத்துக்கு இந்த யோசனையில் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை. சோதனைப் பதிப்புக்கான குறுந்தகட்டுக்கு ஐந்து டாலர் அனுப்பச் சொன்னபோது சுமார் 50,000 பேர் அனுப்பிவைத்தார்கள். அதன் பிறகுதான் மேலிடம் நிமிர்ந்து உட்கார்ந்தது. முடிக்கப்படாத ஒன்றைச் சோதித்துக் கொடுப்பதற்கு வாடிக்கையாளர் காசு தந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். கேமின் தரத்தைப் பற்றி எதுவும் தெரியாத நிலையிலேயே அதன் மதிப்பை நிரூபித்தது அந்தத் தலைக்கணக்கு. வெளியீட்டுக்கு முந்தைய மாதமான ஆகஸ்டில், சர்வர் எத்தனை பேரைத் தாங்கும் என்று பார்க்க எல்லோரையும் ஒரே நேரத்தில் உள்ளே அழைத்தார்கள். படைப்பாளி ரிச்சர்டு கேரியட் தன் ‘லார்டு பிரிட்டிஷ்’ வேடத்தில் மக்களைச் சந்திக்க வந்தார். அந்த அரசருக்குச் சாவு இல்லாதபடி ஏற்பாடு இருந்தது. நடுவில் சர்வர் மறுபடி இயக்கப்பட்டபோது அந்தக் கவசம் நீங்கிவிட்டது. யாரும் திரும்பப் போட்டுவிடவில்லை. கூட்டத்தில் இருந்த ரெயின்ஸ் என்ற புனைபெயர்க்காரர் ஒரு தீ மந்திரத்தை வீச, அரசர் செத்து விழுந்தார்.

ஆன்லைன் கேம் வரலாற்றில் இதைவிட அதிகமாகச் சொல்லப்பட்ட கதை இல்லை. வழக்கமாக நகைச்சுவையாகவே சொல்வார்கள். என் பார்வையில் இதுவரை நடந்த அறிமுக நிகழ்ச்சிகளில் மிக நேர்மையானது அதுதான், நேர்மை திட்டமிடப்படாமல் வந்தது என்றாலும். படைத்தவரும் மக்களும் ஒரே இடத்தில் இருந்தார்கள். இந்த உலகில் அடுத்து என்ன நடக்கும் என்பதைப் படைத்தவர் தீர்மானிக்க முடியாது என்று எல்லோருக்கும் ஒரே நொடியில் தெரிந்துபோனது. பின்னால் வந்த நிறுவனங்கள் இதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் வேறு. மேடையையும் உலகத்தையும் பிரித்து வைத்தார்கள்.

கூட்டம் மூலப்பொருள் என்றால் முதல் நாளில் அது ஏன் வாசலிலேயே நிறுத்தப்படுகிறது? 2004 நவம்பர் 23 அன்று ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ வெளிவந்தபோது கலிஃபோர்னியாவின் ஃபவுன்டன் வேலியில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் நள்ளிரவு விற்பனைக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். முதல் 24 மணி நேரத்தில் 2,40,000 பிரதிகள் விற்றன. அடுத்த வாரங்களில் சர்வர்கள் திணறியதால் சந்தாதாரர்களுக்கு இலவச நாள்கள் தர வேண்டிவந்தது. 2012-ல் ‘கில்டு வார்ஸ் 2’ வெளியானதும் அதன் தயாரிப்பாளர்கள் தங்கள் இணையதளத்தில் விற்பனையைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். ஒவ்வொரு முறையும் விளக்கம் ஒன்றே: இவ்வளவு பேர் வருவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. 2004-ல் அதை நம்பலாம். முன்பதிவு எண்ணிக்கையை மணிக்கொரு தரம் அறிவிக்கும் காலத்தில் அந்த விளக்கம் எடுபடாது.

எதிர்பாராமையை முற்றிலும் நீக்கிவிட்ட ஒரு சோதனையும் நடந்துவிட்டது. ‘நியூ வேர்ல்டு’ கேமை 2021 செப்டம்பர் 28 அன்று வெளியிட்டது அமேசான். உலகத்தின் மிகப்பெரிய கிளவுட் சர்வர் வணிகம் அந்த நிறுவனத்தினுடையது. கணினித் திறனுக்குப் பஞ்சமே இல்லாத வீடு. ஸ்டீம் என்ற கேம் விற்பனைத் தளத்தில் ஒரே நேரத்தில் 9.13 லட்சம் பேர் வரை உள்ளே இருந்தார்கள். வெளியே பலர் மணிக்கணக்கில் க்யூவில் காத்திருந்தார்கள். அமேசானிடம் சர்வர் இல்லையா? இருந்தது. சிக்கல் வேறிடத்தில். அந்த கேமின் ஒவ்வொரு உலகமும் சுமார் 2,000 பேருக்கென்று வடிவமைக்கப்பட்டது. அவ்வளவு பேர் இருந்தால்தான் அதன் கோட்டைப் போர்களும் ஊர்ச் சந்தையும் பொருள்படும். அதற்கு மேல் ஆளைத் திணித்தால் வெட்ட மரம் இருக்காது, கொல்ல ஓநாய் இருக்காது. புது உலகங்களைத் திறந்துகொண்டே போனால் முதல் மாதம் சமாளிக்கலாம். கூட்டம் கலைந்ததும் நூற்றுக்கணக்கான பாழூர்கள் மிஞ்சும். அமேசான் புது உலகங்களைத் திறந்தது. நான்கைந்து மாதத்தில் கூட்டம் ஒரு லட்சத்தை ஒட்டிச் சுருங்கியது. உலகங்களை ஒன்றோடொன்று இணைக்கும் வேலை தொடங்கியது. 2025 அக்டோபரில் இந்த கேமுக்குப் புதிதாக எதுவும் செய்யப்போவதில்லை என்று நிறுவனம் அறிவித்தது.

ஆக, முதல் நாள் க்யூ என்பது ஒரு தேர்வு. வருபவர்களில் பெரும்பாலோர் போய்விடுவார்கள் என்று தயாரிப்பாளர்களுக்கு முன்பே தெரியும். மீதமிருக்கப்போகும் சிறு கூட்டத்துக்கு ஏற்ற அளவில்தான் உலகத்தைக் கட்டுகிறார்கள். 2019 ஆகஸ்டில் ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்’ வந்தபோது அதன் தயாரிப்பாளரான பிளிஸார்டு இதை ஒளிக்கக்கூட இல்லை. ஒரே உலகத்துக்குப் பல அடுக்குகளாகப் பிரதிகள் போட்டது. ஆரம்பக் கூட்டம் வடிந்ததும் அடுக்குகளை எடுத்துவிடுவோம் என்று முன்கூட்டியே சொன்னது. சொன்னபடி சில மாதங்களில் எடுத்தும்விட்டது. பொறியியலாக இது புத்திசாலித்தனம். ஆனால் மேடையில் எல்லோரையும் வாழ வரச் சொல்லும் நிறுவனம், கட்டும்போது பெரும்பான்மையோரைச் சுற்றுலாப் பயணிகளாகவே கணக்கில் வைத்திருக்கிறது என்பதும் இதிலிருந்து தெரிகிறது. பிறகு எதற்காக அத்தனை பேரை அழைக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான விடை கொரியாவில் கிடைக்கிறது. 1998-ல் வந்த என்சி சாஃப்ட்டின் ‘லீனியேஜ்’ அந்நாட்டின் கணினி மையங்களில் ஒரு தலைமுறையைக் கட்டிப்போட்ட கேம். அதன் மையம் கோட்டை முற்றுகை. கோட்டையைப் பிடித்த குழு மற்றவர்களிடம் வரி வசூலிக்கும். 2017-ல் அது ‘லீனியேஜ் எம்’ என்று செல்போனுக்கு வந்தபோது முன்பதிவு 55 லட்சம். முதல் நாள் விளையாடியவர்கள் 21 லட்சம். முதல் நாள் வருமானம் 1,070 கோடி வொன். உள்ளே நுழைவது இலவசம் என்பதை மறக்கக் கூடாது. காசு வருவது அதிர்ஷ்டப் பெட்டிகளிலிருந்து. அரிய வாள், அரிய உருமாற்றம், ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. இதற்குப் பெரும் பணம் கொட்டுபவர்கள் சிலரே. அவர்களைத் திமிங்கலங்கள் என்று தொழிலில் சொல்வார்கள்.

லட்சக்கணக்கில் செலவழித்து வாள் வாங்கும் திமிங்கலத்துக்கு அந்த வாளால் என்ன பயன்? தனியாக ஒரு தீவில் அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? அந்த வாளைக் கண்டு ஒதுங்க ஆள் வேண்டும்; வரி கட்ட ஆள் வேண்டும்; சாலையோரம் நின்று வாய்பிளக்க ஆள் வேண்டும். காசு கொடுக்காமல் வந்த அந்த லட்சக்கணக்கானோர்தான் காசு கொடுப்பவருக்கு விற்கப்படும் பொருள். அறிமுக விழாவில் பொது மக்களை நோக்கிச் சொல்லப்படுவது ‘வந்து விளையாடுங்கள்’ என்பது. அதே வாக்கியத்தின் இன்னொரு பாதி சிலருடைய காதுக்கு மட்டும்: ‘நீங்கள் ஆள்வதற்கு இத்தனை பேர் தயார்.’ முன்பதிவு இருபது லட்சம், ஐம்பது லட்சம் என்று படிப்படியாக அறிவித்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு பரிசு தருவது இதனால்தான். பெயர் கொடுப்பவருக்குச் செலவில்லை, கடமையில்லை; பத்து வினாடி வேலை. அந்தப் பத்து வினாடிகளைத் திரட்டித்தான் எழுபது லட்சம் என்று மேடையின் பின்திரையில் எழுதுகிறார்கள்.

மூன்றாவதாக ஒரு காதும் கேட்டுக்கொண்டிருக்கிறது: முதலீட்டாளர். ‘லீனியேஜ் எம்’ வெளியாவதற்கு முந்தைய நாள், வீரர்கள் தங்களுக்குள் பொருள்களை விற்றுக்கொள்ளும் சந்தை வசதி முதலில் இருக்காது என்ற செய்தி கசிந்ததும் பங்கு விலை ஒரே நாளில் 11 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. ஒரு ஃபேன்டஸி கேமின் கதையோ ஓவியமோ அன்று யாருடைய கவலையிலும் இல்லை. கூட்டத்துக்கும் திமிங்கலத்துக்கும் இடையே பணம் ஓடும் குழாயில் அடைப்பு என்பதே செய்தி. 2021-ல் ‘பிளேட் அண்ட் சோல் 2’ சரிந்ததற்கும் காரணம் இதன் மறுபக்கம். லீனியேஜில் வெறுக்கப்பட்ட ஒரு கட்டண முறை புது கேமில் இருக்காது என்று நிறுவனம் முன்னதாகச் சொல்லியிருந்தது. உள்ளே போனவர்கள் அதையே வேறு பெயரில் கண்டார்கள். திரட்டிய கூட்டம் வேகமாகத் திரும்பி நடந்தது. மறுநாளே நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அந்த முறையை மாற்றியது. எழுபது லட்சம் பெயர்கள் இருந்தன. ஆனால் ஆளப்படுவதற்குத் தயாரானவர்களின் எண்ணிக்கை அது அல்லவென்று சந்தை ஒரே நாளில் புரிந்துகொண்டது.

விழா தோற்றும் வென்ற கேம்கள் உண்டே என்று ஒருவர் கேட்கலாம். அதற்கு 2018 பிளிஸ்கானைச் சுட்டிக்காட்டுவார். அனஹைம் அரங்கில் தொடக்க விழாவின் உச்சத்தில் ‘டியாப்ளோ இம்மார்ட்டல்’ அறிவிக்கப்பட்டது. பல ஆண்டுகளாகக் கணினியில் விளையாடிவந்தவர்கள் கணினிக்கான அடுத்த டியாப்ளோவுக்காக டிக்கெட் வாங்கி வந்திருந்தார்கள். கிடைத்தது செல்போன் கேம். கேள்வி நேரத்தில் ஒரு ரசிகர், பருவம் தப்பி வந்த ஏப்ரல் ஃபூல் விளையாட்டா இது என்று கேட்டார். இன்னொரு கட்டத்தில், கூச்சலிட்ட அரங்கத்தைப் பார்த்து, உங்களிடமெல்லாம் போன் இல்லையா என்று மேடையிலிருந்து பதில் கேள்வி வந்தது. அந்தப் பதில் இன்றுவரை கேலிப்பொருள். அடுத்த வாரம் பங்கு விலையும் இறங்கியது. ஆனால் 2022 ஜூனில் கேம் வெளிவந்தபோது இரண்டு வாரத்துக்குள் ஒரு கோடிக்கு மேல் பதிவிறக்கம், பெரும் வருமானம். விழா தோற்றது, கேம் வென்றது. ஆகவே விழாவுக்கும் விற்பனைக்கும் சம்பந்தமில்லை என்பது வாதம்.

எனக்கு அந்தச் சம்பவம் நேர் எதிராகத் தெரிகிறது. அரங்கில் இருந்தவர்கள் பிளிஸார்டின் மிகப் பழைய, மிக விசுவாசமான ரசிகர்கள். அந்த நிறுவனத்தை அந்த உயரத்துக்குக் கொண்டுவந்தவர்கள். ஆனால் அன்று தேவைப்பட்ட கூட்டம் அவர்கள் இல்லை. அது உலகெங்கும் பேருந்திலும் படுக்கையிலும் போன் நோண்டும் கோடிக்கணக்கானோர். சீனத்தின் நெட்ஈஸுடன் கூட்டாகச் செய்யப்பட்ட கேம் அது என்பதும் கவனிக்க வேண்டியது. தவறு அறிவிப்பில் இல்லை, அரங்கைத் தேர்ந்தெடுத்ததில் இருந்தது. விழா என்பது ரசிகருக்குத் தரப்படும் மரியாதை என்று நம்பி வந்தவர்கள், தாங்கள் இன்னொரு கூட்டத்தை அழைப்பதற்கான பின்னணி என்பதை அன்று நேரில் கண்டார்கள். கோபத்துக்கு அதுதான் காரணம். செல்போன் வெறும் சாக்கு.

இன்னொரு எதிர்ப்பு இதைவிட வலுவானது. சோதனைப் பதிப்புகள் எதற்கு இருக்கின்றன? விழாவுக்கும் வெளியீட்டுக்கும் நடுவே பல்லாயிரம் பேரை உள்ளே விட்டு, அவர்கள் சொல்வதைக் கேட்டு மாற்றுகிறார்களே? மாற்றுகிறார்கள் என்பதற்கு என்சி சாஃப்ட்டே சாட்சி. ‘த்ரோன் அண்ட் லிபர்ட்டி’ கேமை 2023 மே மாதம் கொரியாவில் சோதித்தபோது, ஆள் தொடாமலே பாத்திரம் தானே சண்டையிடும் வசதியைப் பலர் காறித் துப்பினார்கள். டிசம்பரில் வெளிவந்த பதிப்பில் அது நீக்கப்பட்டிருந்தது. இதை நான் மறுக்கவில்லை. தொழிலின் நல்ல பழக்கங்களில் இதுவும் ஒன்று. ஆனால் அந்த மாற்றத்தை உண்டாக்கியது மேடை இல்லை. வெளியாட்கள் உலகத்துக்குள் நுழைந்ததுதான் உண்டாக்கியது. கைதட்டல் எதையும் திருத்தியதில்லை.

கூட்டத்தை எப்படி வேறு விதமாக நடத்தலாம் என்பதற்கு ஜப்பானில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. ‘ஃபைனல் ஃபேன்டஸி 14’ 2010 செப்டம்பரில் வெளியாகிப் படுதோல்வி அடைந்தது. பெயரைக் கெடுத்துக்கொண்டோம் என்று ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனத் தலைவரே பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டு டிசம்பரில் பொறுப்பேற்ற நவோகி யோஷிடா ஒரு விசித்திரமான முடிவெடுத்தார்: பழைய உலகத்தை நடத்திக்கொண்டே புதிதாக ஒன்றைக் கட்டுவது. பழையதை 2012 நவம்பரில், கதைக்குள்ளேயே வானிலிருந்து ஒரு நிலவை விழச் செய்து, மிச்சமிருந்த வீரர்களின் கண்முன் அழித்தார்கள். தோற்ற கேமின் இறுதிச் சடங்கு, பல வெற்றி கேம்களின் திறப்பு விழாவைவிட அதிகமாகப் பேசப்பட்டது. காரணம், அது உலகத்துக்குள்ளேயே, அங்கு வாழ்ந்தவர்களோடு நடந்தது. 2013 ஆகஸ்டில் புதிய பதிப்பு வந்தது. அதன் பிறகு யோஷிடா மணிக்கணக்கில் நீளும் நேரலைகளில் ஒவ்வொரு மாற்றத்தையும் சலிப்பூட்டும் அளவுக்கு விளக்கிவந்தார். சலிப்பு இங்கே குறை இல்லை.

2021 டிசம்பரில் ‘எண்ட்வாக்கர்’ விரிவாக்கம் வந்தபோது அதே நெரிசல், அதே க்யூ. உலகளாவிய செமிகண்டக்டர் தட்டுப்பாட்டால் சர்வர் கூட்ட முடியவில்லை. நிறுவனம் சந்தாதாரர்களுக்கு மூன்று வாரங்கள் இலவசமாகத் தந்தது. அதோடு கேமின் விற்பனையையே நிறுத்திவைத்து, 2022 ஜனவரி பிற்பகுதியில்தான் மீண்டும் திறந்தது. கிறிஸ்துமஸ் சந்தையில், கேட்கும் கூட்டத்துக்கு விற்க மறுப்பது! மாதச் சந்தா முறையில் இது கட்டுப்படியாகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே ஒவ்வொரு தலையும் நேரடியாகக் காசு தருகிறது. ஒருவரை இன்னொருவருக்கு விற்க வேண்டிய தேவை குறைவு. இலவச கேம்களிடம் இந்தக் கண்ணியத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றமே கிடைக்கும். அவற்றின் வணிகக் கணக்கு அனுமதிக்காது.

ரசிகர்களுக்கு இதெல்லாம் தெரியாதா, தெரிந்தேதானே போகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். பல ஆண்டுகள் குரலால் மட்டும் அறிந்த கில்டு நண்பர்களை முதன்முறை நேரில் பார்ப்பதற்கே பலர் பிளிஸ்கானுக்குப் போனார்கள். அந்த மகிழ்ச்சி கலப்படமற்றது. ஆனால் அது நிறுவனம் தந்த மகிழ்ச்சி இல்லை. ரசிகர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டது. என் வாதத்துக்கு இது இன்னும் ஒரு சான்று.

நமக்கு இதில் என்ன? தமிழ்நாட்டுத் தெருக்களில் ‘பப்ஜி’ என்று வழங்கிய கேமைத் தந்த கிராஃப்டன், முன்பு புளூஹோல் என்ற பெயரில் ‘டெரா’ என்ற ஃபேன்டஸி ஆன்லைன் கேமோடு தொழிலைத் தொடங்கிய கொரிய நிறுவனம்தான். 2020 செப்டம்பரில் இந்திய அரசு பப்ஜியின் செல்போன் பதிப்பைத் தடைசெய்தது. அதன் மறுபிறப்பான பிஜிஎம்ஐக்கு 2021 மே மாதம் முன்பதிவு தொடங்கியபோது, இரண்டு வாரத்தில் இரண்டு கோடிப் பேர் பதிந்தார்கள் என்று நிறுவனம் அறிவித்தது. அந்த இரண்டு கோடியும் கேமின் தரத்துக்கான வாக்கு இல்லை, அது பழைய கேம்தான். தடைக்குப் பிறகும் கூட்டம் கையில் இருக்கிறது என்று விளம்பரதாரருக்கும் முதலீட்டாளருக்கும் காட்டிய கையெழுத்து. கொரிய ஃபேன்டஸி கேம்கள் பழகிக்கொடுத்த உத்தி அப்படியே இங்கே வந்து இறங்கியது.

திரட்டப்பட்ட கூட்டம் எப்போதும் சரக்காகவே கிடந்துவிடுவதில்லை. 2021 தொடக்கத்தில் கொரியாவில் ஒரு புதிய காட்சி. கேம் நிறுவனங்கள் குவிந்திருக்கும் பாங்யோ பகுதியில் எல்இடி பலகை பொருத்திய ட்ரக்குகள் வலம்வந்தன. வீரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு வாடகைக்கு எடுத்தவை. ‘மேப்பிள் ஸ்டோரி’யின் அதிர்ஷ்டப் பொருள்களில் வாய்ப்பு விகிதம் மறைக்கப்பட்டது என்பது குற்றச்சாட்டு. அதில் வெறுத்துப்போன பலர் கூட்டம் கூட்டமாக ‘லாஸ்ட் ஆர்க்’ கேமுக்குக் குடிபெயர்ந்தார்கள். 2024 ஜனவரியில் கொரிய வணிகப் போட்டி ஆணையம் ‘மேப்பிள் ஸ்டோரி’யை நடத்தும் நெக்ஸான் நிறுவனத்துக்கு 1,160 கோடி வொன் அபராதம் விதித்தது. அதே ஆண்டு மார்ச்சிலிருந்து வாய்ப்பு விகிதங்களை வெளியிடுவது சட்டப்படி கட்டாயம்.

இன்னொரு எண் இன்னும் வெளிவராமலே இருக்கிறது. 2010 அக்டோபரில் ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ சந்தாதாரர்கள் 1.2 கோடியைத் தாண்டியதை பிளிஸார்டு உலகத்துக்கே அறிவித்தது. 2015-ல் அது 55 லட்சமாக இறங்கியபோது, இனிமேல் அந்த எண்ணிக்கையை வெளியிடப்போவதில்லை என்றும் அறிவித்தது. ‘நியூ வேர்ல்டு’ எவ்வளவு வேகமாகக் காலியானது என்று நமக்குத் தெரிவதற்கு அமேசான் காரணமில்லை. ஸ்டீம் தளம் அதை எல்லோருக்கும் திறந்து வைத்திருப்பதுதான் காரணம். செல்போன் கேம்களில் அப்படி ஒரு ஜன்னல் கிடையாது. முன்பதிவை மேடையில் அறிவிக்கும் நிறுவனத்திடம், ஆறாவது மாதத்தில் நாளொன்றுக்கு எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்பதையும் அதே பின்திரையில் எழுதச் சொல்லிக் கேட்பதில் தவறொன்றும் இல்லை. எந்த கேம் எவ்வளவு சம்பாதித்தது என்று என்சி சாஃப்ட் தன் முதலீட்டாளர்களுக்குக் காலாண்டுக்கு ஒருமுறை பிரித்துச் சொல்கிறது. ஒரு கோட்டை முற்றுகைக்குப் போதுமான ஆள் அந்த உலகத்தில் மிச்சம் இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள, விளையாட வருபவருக்கு உள்ளே போய்ப் பார்ப்பதைத் தவிர இன்றைக்கு வேறு வழியில்லை.